மரமும் காலமும்

காஞ்சிபுரம் கோயில்களாலும் பட்டாலும் பெயர் பெற்ற பழம்பெரு நகரம். ஓங்கிய கோபுரங்களைக் காண்போர் இதனைக் கல்லின் நகரம் என்பர். பட்டுச் சேலைகளைக் காண்போர் இதனை நூலின் நகரம் என்பர். இதனை மரத்தின் நகரம் என்று கூறுதலும் பொருந்தும். பட்டு நெய்யும் கைத்தறி மரத்தால் ஆயது. நெய்த துணியைச் சுற்றும் உருளை மரமும், நெசவாளர் காலால் அழுத்தும் மிதிபலகையும் தச்சர் கையால் உருப்பெற்றவை. கோயில்களில் இறைவன் எழுந்தருளும் வாகனங்களுள் பல மரத்தால் செய்யப்பெற்றவை. வைகாசித் திங்களில் வரதராசப் பெருமாள் கோயிற் பெருவிழாவின் மூன்றாம் நாள் கருட சேவையும், ஏழாம் நாள் தேரோட்டமும் நடைபெறும். அன்று வீதியில் அசைந்து வரும் தேரும் மரத்தின் ஆற்றலையும் தச்சரின் திறனையும் ஒருங்கே காட்டுவதாகும்.

மரம் கல்லைப்போல் நிலைத்து நிற்பதன்று. காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பல்லவ மன்னருள் முதலாம் மகேந்திரவர்மன், மண்டகப்பட்டு என்னும் ஊரில் பாறையைக் குடைந்து ஒரு கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவற்றைக் கொள்ளாமல் அக்கோயில் ஆக்கப்பட்டது என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. அதற்கு முன்னர்க் கோயில் எடுக்க வழக்கமாகப் பயன்பட்ட பொருள்கள் எவை என்பது இக்கூற்றினால் விளங்கும். மரத்தால் எடுத்த அப்பழங்கோயில்கள் இன்று இல்லை. மழையும் வெயிலும் கறையானும் அவற்றை அழித்துவிட்டன.

எனினும், மரம் என்றால் விரைவில் அழியும் பொருளே என்று முடிவு செய்தலும் தவறாகும். வரதராசப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் என்னும் திருக்குளம் உள்ளது. அத்தி மரத்தாலான பெருமாள் திருமேனி அக்குளத்தின் நீருள் வைக்கப்பெற்று, 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளச் செய்யப்பெறுகின்றது. அத்தி வரதர் என்று மக்கள் போற்றும் அத்திருமேனி 1939, 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் காட்சிக்கு வந்தது. 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள்கள் நடைபெற்ற அவ்விழாவில் மக்கள் திரள்திரளாக வந்து வழிபட்டனர். முதலில் கிடந்த கோலத்திலும், ஆகஸ்டுத் திங்கள் தொடங்கியதும் நின்ற கோலத்திலும் பெருமாள் காட்சி தந்தார். பின்னர்த் திருமேனி மீண்டும் நீருள் வைக்கப்பெற்றது.

நீரில் கிடக்கும் மரம் மட்கிவிடாதோ என்று ஐயுறுவார் உளர். மரவியல் இதற்கு விடை கூறுகின்றது. மரத்தைப் பெரும்பாலும் மட்கச் செய்வன பூஞ்சைகள். அவை உயிர் வாழ ஈரம், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் வேண்டும். முழுவதும் நீருள் அமிழ்ந்த மரத்திற்குக் காற்று எளிதில் கிட்டுவதில்லை. முழுவதும் உலர்ந்த மரத்தில் ஈரம் போதுவதில்லை. ஆதலின் இவ்விரு நிலைகளிலும் மரம் நெடுங்காலம் நிற்கும். நனைவதும் உலர்வதுமாக மாறி மாறி இருக்கும் மரமே விரைவில் கெடும். வேலியில் நட்ட கம்பம் பெரும்பாலும் மண்மட்டத்தில் முதலில் இற்றுப்போவதற்கு இதுவே காரணம். அவ்விடத்தில் ஈரமும் காற்றும் ஒன்றுகூடுகின்றன.

நீருள் கிடந்த மரத்தை வெளியே எடுத்து உலர்த்துவதற்கும் காலம் வேண்டும் என்பதை ஐரோப்பிய வரலாறு ஒன்று காட்டும். சுவீடன் நாட்டின் வாசா என்னும் பெரிய மரக்கப்பல் 1628ஆம் ஆண்டில் தன் முதற் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. 333 ஆண்டுகள் கழித்து, 1961ஆம் ஆண்டில் அதனை மேலே கொணர்ந்தனர். கப்பலின் உடல் பெரும்பாலும் சிதையாமல் இருந்தது. அதனை அவ்வாறே வெயிலிலும் காற்றிலும் விட்டிருந்தால், மரம் சுருங்கி வெடித்துப் பாழாகியிருக்கும். அறிஞர்கள் அவ்வாறு செய்யவில்லை. மரத்தினுள் இருந்த நீரின் இடத்தில் மெழுகு போன்றதொரு பொருள் சிறிது சிறிதாகப் புகும் வண்ணம், 17 ஆண்டுகள் அதன்மேல் அப்பொருளின் கரைசலைத் தெளித்து வந்தனர். அதன் பின்னரும் மெல்ல மெல்லவே உலர விட்டனர். கடலிலிருந்து கப்பலை எடுத்தது பொறியாளர் வலிமை; எடுத்த கப்பலைக் காத்தது அறிஞர்களின் பொறுமை.

பெருங்கப்பலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை சிறு மரப்பெட்டிக்கும் பொருந்தும். பள்ளிப் பாடம் முடிந்த பொழுதிலும் விடுமுறை நாளிலும் மரவேலையைப் பொழுதுபோக்காகக் கொள்ளும் மாணவர் இதனை அறிந்துகொள்ளுதல் வேண்டும். மரவேலை தச்சராக விரும்புவோர்க்கு மட்டும் உரியதன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டில் ஓட்டோ சாலமன் என்னும் ஆசிரியர் பள்ளி மாணவர்க்கு மரவேலை கற்பிக்கும் முறையைப் பரப்பினார். தச்சரை உருவாக்குதல் அவர் நோக்கமன்று. கண்ணும் கையும் கருத்தும் ஒன்றுபட்டு வளர்தலே நோக்கம். நம் நாட்டில் காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் வகுத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வாயிலாகக் கல்வி புகட்டுவதை அடிப்படையாகக் கொண்டது.

மரவேலையில் புதிதாக ஈடுபடுவோர், வேலை செம்மையுறாதபோது கருவியின்மேல் குறை கூறுவர். விலை மிகுந்த இழைப்புளியும் புதிய உளியும் இருந்தால் பொருத்து இறுகும் என்றும், பளபளப்புக் கூடும் என்றும் எண்ணுவர். நல்ல கருவி வேண்டுவதே. ஆனால் நல்ல கருவியால் செய்த பெட்டியும் ஓராண்டில் கோணிப்போவது உண்டு. எளிய கருவியால் செய்த பெட்டி தலைமுறை கடந்து நிற்பதும் உண்டு. பல வேளைகளில் இவ்வேறுபாட்டிற்குக் காரணம் காலம் அறிந்து செய்தலும் அறியாது செய்தலுமே. காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். அரசர்க்கு உரைத்த அவ்வறம் தச்சர்க்கும் ஏற்புடைத்து.

காலம் அறிதல் என்பது யாது? முதற்கண் மரத்தின் இயல்பை அறிதலாகும். மரத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்குகின்றது. நுண்ணறைகளின் உள்ளே நிரம்பிய நீர் ஒன்று. அந்நுண்ணறைகளின் சுவர்களில் ஊறிய நீர் மற்றொன்று. மரத்தை வெட்டியபின் அறைகளுள் உள்ள நீர் முதலில் வெளியேறும். அப்போது மரத்தின் எடை குறையும்; அளவு குறையாது. அந்நீர் தீர்ந்தபின், உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நீர் சுவர்களில் எஞ்சி நிற்கும். அது வெளியேறத் தொடங்கியதும் மரம் சுருங்கத் தொடங்கும். நீளவாட்டில் இச்சுருக்கம் மிகச் சிறிது. ஆண்டு வளையத்தின் வழியே நிகழும் சுருக்கமோ, நடுவிலிருந்து பட்டையை நோக்கி நிகழும் சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இருபுறமும் சமமாகச் சுருங்காமையால் பலகை வளைகின்றது, கோணுகின்றது, சில வேளைகளில் வெடிக்கின்றது.

நன்கு உலர்ந்த மரமும் அசைவற்றுக் கிடப்பதில்லை. காற்றில் ஈரம் மிகும்போது அதனை ஏற்று விரியும். ஈரம் குறையும்போது அதனை விட்டுச் சுருங்கும். காஞ்சிபுரத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். மே திங்களில் கத்திரி வெயில் காயும். இவ்விரு பருவங்களுக்கிடையே 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை விரியவோ சுருங்கவோ கூடும். கோடையில் சிறிதும் இடைவெளியின்றிச் செய்த இழுப்பறை ஐப்பசி மழையில் இழுக்க வாராது சிக்குவதும், மழை நாளில் செய்த கதவு கோடையில் இடுக்குக் காட்டுவதும் இதனாலேயே.

காஞ்சி நெசவாளர் இத்தகைய காலநுட்பத்தைத் தம் தொழிலில் நன்கு அறிவர். பட்டுப் பாவைத் தெருவில் நீள விரித்துச் சீர்செய்வோர், வெயில் ஏறுவதற்கு முன் விடியற்காலையிலேயே அவ்வேலையைத் தொடங்குவர். நூலுக்குப் பருவம் பார்ப்பதுபோல மரத்திற்கும் பருவம் பார்த்தல் வேண்டும். நெசவாளர் இல்லத்து மாணவன் ஒருவன், தன் தாய்க்கு ஊடைநூல் சுற்றிய தார்களை வைக்க மூடியுள்ள மரப்பெட்டி ஒன்று செய்ய விரும்புகின்றான் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டி சிறியதே, ஆனால் அதன் பொறுப்புச் சிறியதன்று. உட்புறத்தில் ஒரு சிராய் நீட்டிக்கொண்டிருப்பினும் பட்டு நூல் அதில் மாட்டி இழை பிரியும். பிரிந்த இழை துணியில் குறையாகத் தோன்றும். பல நாள் உழைப்பின் மதிப்புக் குறையும். அவன் கைக்கொள்ள வேண்டிய காலநியதிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, மரத்தை உலர விடுதல். இந்நியதி காட்டிலேயே தொடங்குகின்றது. முற்காலத்தில் பர்மா நாட்டுக் காடுகளில் தேக்கு மரத்தை வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னரே அதன் அடிப்பகுதியைச் சுற்றி வளையமாக வெட்டிவிட்டு, நின்ற நிலையிலேயே உலர விடுவர். அவ்வாறு உலர்ந்த மரமே ஆற்றில் மிதந்து செல்லும். அறுத்த பலகைகளை நிழலில் அடுக்கி, ஒவ்வோர் அடுக்கிற்கும் இடையே ஒரே பருமனுள்ள குச்சிகளை வைத்தால் காற்று எங்கும் புகுந்து உலவும். பலகையின் இரு முனைகள் வழியே நீர் மிக விரைவாக வெளியேறும். ஆதலின் அம்முனைகளில் வண்ணமோ மெழுகோ பூசி வைத்தால் முனைவெடிப்புக் குறையும். வெயிலில் வைத்தால் விரைவில் உலருமே என்று கருதுதல் தவறு. வெளிப்புறம் மட்டும் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரமாக நிற்கும். அதனால் மரம் பிளக்கும்.

பலகை உலர்ந்ததா என்று அறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சிறு பலகைகளைத் தராசில் நிறுத்து, எடையையும் நாளையும் பலகையின் மீதே எழுதிவைத்தல் வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் நிறுத்தல் வேண்டும். எடை குறைந்திருந்தால் நீர் இன்னும் வெளியேறுகின்றது என்பது பொருள். அடுத்தடுத்து நிறுத்தும் எடை மாறாதிருந்தால் அம்மரம் தான் இருக்கும் இடத்தின் காற்றோடு ஒத்துவிட்டது என்று கொள்ளலாம். கடையிலிருந்து உலர்ந்த பலகையாகவே வாங்கினாலும், அதனை வேலை செய்யும் அறையில் ஒரு வாரமேனும் இருத்தி வைத்தல் நன்று. புதிய ஊருக்கு வந்தவர் அவ்வூர்த் தட்பவெப்பத்திற்குப் பழகுவது போன்றது அது.

இரண்டாவது, அறுத்த நாளிலேயே முடிவான அளவிற்கு இழைக்காதிருத்தல். மரம் வளரும்போது அதன் உள்ளே இழுவிசைகள் தங்கிவிடுகின்றன. பலகையை அகலத்தில் பிளந்தாலும் கனத்தில் குறைத்தாலும் அவ்விசைகள் நிலை மாறும்; அறுத்த துண்டு சிறிது வளையும். ஆகவே வேண்டிய அளவினும் சற்று மிகையாக அறுத்து, சில நாள்கள் வைத்திருந்து, வளைவு வெளிப்பட்டபின் இழைத்தல் வேண்டும். இழைத்து அளவு குறித்துப் பொருத்து வெட்டியபின் நேர்மாறாக விரைதல் வேண்டும். கழுந்தும் துளையும் வெட்டிய துண்டுகளைப் பல வாரம் பிரித்தே வைத்தால் அவை தனித்தனியே சுருங்கியும் விரிந்தும் பொருந்தாமற் போகும். புதிதாக இழைத்த பரப்பில் பசையும் நன்றாகப் பற்றும். காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருத்தலும், விரைய வேண்டிய இடத்தில் விரைதலும் ஆகிய இரண்டும் காலமறிதலே ஆகும்.

மூன்றாவது, மழுங்குவதற்கு முன் தீட்டுதல். புதியவர் உளி வெட்டாத நிலை வந்தபின்னரே தீட்டுக்கல்லைத் தேடுவர். அதற்குள் மழுங்கிய உளி மரத்தின் இழைகளை வெட்டாமல் நசுக்கியிருக்கும். கை மிகுதியாக அழுத்தப் பழகியிருக்கும். மிகுதியாக அழுத்தும் கையே வழுக்கி ஊறு பெறும். வேலை தொடங்குமுன் ஒருமுறையும், வேலையின் நடுவே கால் மணிக்கு ஒருமுறை சிறிதளவும் தீட்டுவதைப் பழக்கமாகக் கொண்டால் கூர்மை குறைவதே இல்லை. அடிக்கடி தீட்டுவோர்க்கு ஒவ்வொரு முறையும் சில நொடிகளே செலவாகும். நெடுநாள் தீட்டாதவர்க்குச் சாணைக்கல்லின்முன் ஒரு பொழுதே கழியும்.

நான்காவது, ஒட்டுவதற்கு முன் ஒத்திகை பார்த்தல். முற்காலத் தச்சர் வச்சிரத்தை நீரில் ஊறவைத்து, வெந்நீரில் இறக்கிய கலத்தில் இளக்கிச் சூடாகப் பூசுவர். ஆறியதும் அஃது இறுகத் தொடங்கும். ஆதலின் பூசிய கையோடு பொருத்துதல் இன்றியமையாதது. இக்காலத்து வெள்ளைப் பசையும் ஐந்து முதல் பத்து நிமிடத்திற்குள் பொருத்தப்பட வேண்டியதே. கோடைக் காற்றில் அந்நேரமும் குறையும். பசை தடவியபின் இறுக்குக் கருவியைத் தேடுவோரும், எத்துண்டு எப்பக்கம் என்று மயங்குவோரும் வேலையைக் கெடுப்பர். பசையின்றி ஒருமுறை எல்லாத் துண்டுகளையும் பொருத்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, இறுக்கி, பின் பிரித்து, பிரித்த வரிசையிலேயே அடுக்கி வைத்தல் வேண்டும். அதன் பின்னரே பசைக் கிண்ணத்தைத் திறத்தல் வேண்டும்.

ஒட்டியபின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பசையை எடுப்பதற்கும் ஒரு காலம் உண்டு. உடனே துடைத்தால் அது மரத்தின் நுண்துளைகளில் ஊறிப் பின்னர் மெருகு ஏறாத கறையாகத் தோன்றும். முழுவதும் இறுகியபின் பெயர்த்தால் மரத்தின் இழைகளையும் பிய்த்துக்கொண்டு வரும். ஏறத்தாழ அரை மணிக்குப் பின், பாலாடைபோல் இறுகிய பதத்தில் உளி நுனியால் வழித்தால் தூய்மையாகப் பெயர்ந்து வரும். இறுக்கிய கருவியை ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாமாயினும், பொருத்து முழு வலிமை பெற ஒரு நாள் ஆகும். அதன்பின்னும் சில நாள்கள் பொறுத்தல் வேண்டும். பசையிலுள்ள நீரை ஏற்ற மரம் பொருத்தின் ஓரத்தில் சிறிது புடைத்திருக்கும். அப்போதே இழைத்துச் சமமாக்கினால், நீர் உலர்ந்தபின் அவ்விடம் தாழ்ந்து கோடாகத் தெரியும்.

ஐந்தாவது, செய்யும் பருவத்திற்கேற்ப இடைவெளி விடுதல். பெட்டியின் மூடியைச் சட்டமும் நடுப்பலகையுமாக அமைத்தால், நடுப்பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் பசையின்றித் தளர நிறுத்துதல் வேண்டும். பழைய வீடுகளின் கதவுகளிலும் இம்முறையைக் காணலாம். பலகை விரிந்து சுருங்க அவ்விடம் வழிவிடும். மழைக்காலத்தில் செய்யும் பலகை முன்னரே விரிந்திருக்கும். அதற்குச் சிறிய இடைவெளி போதும். கோடையில் செய்யும் பலகை இனிமேல் விரியும். அதற்கு மிகுதியான இடைவெளி வேண்டும். இன்று பொருந்துவதை மட்டும் பாராமல், ஆறு திங்கள் கழித்துப் பொருந்துவதையும் எண்ணிச் செய்வோரே நல்ல தச்சர்.

ஆறாவது, மெருகிடும் நாளைத் தேர்தல். உப்புத்தாளால் தேய்த்த பரப்பை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால், மடிந்து கிடந்த நுண்ணிழைகள் எழுந்து நிற்கும். அவை நன்றாக உலரும்வரை பொறுத்து, பின் நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் பரப்பு மழமழப்பாகும். பட்டு நூலுக்கு ஊறு செய்யும் சிராய்கள் அகல்வது இச்சிறு பொறுமையாலேயே ஆகும். சாராயத்தில் கரைத்த அரக்கு மெருகை அடைமழை நாளில் பூசுதல் கூடாது. காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்மூட்டமாகத் தோன்றும். ஒரு பூச்சு உலர்ந்தபின்னரே மறு பூச்சு இடுதல் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவ்வெண்ணெய் காற்றோடு கலந்து இறுகும்போது வெப்பம் பிறக்கும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அவ்வெப்பம் சேர்ந்து தானே தீப்பற்றவும் கூடும். வேலை முடிந்தவுடன் அத்துணிகளை வெளியிடத்தில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்துதல் அன்றே செய்ய வேண்டிய கடமையாகும்.

ஏழாவது, நிறுத்த வேண்டிய வேளையில் நிறுத்துதல். இன்னும் ஒரு பொருத்து, இன்னும் ஓர் அறுப்பு என்று களைத்த கையோடு தொடர்வோர்க்கே பிழைகளும் காயங்களும் மிகுதி. பொழுது சாய்ந்து கண் மங்கும் வேளையில் அளவு குறித்தல் தகாது. வேலைக்கென வகுத்த பொழுதின் இறுதிக் கால் மணியை, கருவிகளைத் துடைத்து எண்ணெயிட்டு வைப்பதற்கும், சீவல்களைப் பெருக்குவதற்கும், அன்று செய்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவதற்கும் ஒதுக்குதல் நலம். எழுதும் குறிப்பில் நாளும், மழையா வெயிலா என்பதும், பலகையின் எடையும் இடம்பெறுதல் வேண்டும். ஓராண்டு கழித்து மூடி இறுகினாலோ தளர்ந்தாலோ காரணத்தை அக்குறிப்பேடு கூறும்.

மேலே கூறிய மாணவனின் பெட்டிக்கு இந்நியதிகள் எவ்வாறு பொருந்தும் என்று காணலாம். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பொழுதே கிட்டும். முதல் ஞாயிறன்று அவன் உலர்ந்த வேப்பம்பலகையை மிகையளவில் அறுத்து, நிறுத்து, குச்சிகளிட்டு அடுக்குகின்றான். இரண்டாம் ஞாயிறன்று மீண்டும் நிறுக்கின்றான். எடை மாறியிருந்தால் இழைப்புளியை எடுப்பதில்லை. கருவிகளைத் தீட்டி வைத்து அடுத்த வாரத்தை எதிர்நோக்குகின்றான். எடை நிலைத்திருந்தால் காலையில் இழைத்து, பொருத்து வெட்டி, ஒத்திகை பார்த்து, மாலைக்குள் ஒட்டிவிடுகின்றான். அதற்கடுத்த ஞாயிறன்று பொருத்துகளைச் சமமாக்கி, ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தித் தேய்க்கின்றான். பிறகு மழையில்லாத ஒரு நாளில் மெருகிடுகின்றான். ஒரே நாளில் முடித்துவிட எண்ணிய வேலை நான்கைந்து வாரம் ஆகின்றது. ஆயினும் அவன் உழைத்த மணிநேரம் மிகவில்லை. இரண்டு ஞாயிறுகளுக்கு இடைப்பட்ட ஆறு நாள்களிலும் மரம் தன் வேலையைத் தானே செய்துகொண்டது.

பொழுதுபோக்காக மரவேலை செய்வோர், தமக்கு நேரம் போதவில்லை என்று வருந்துதல் இயல்பு. தச்சரோ குறித்த நாளில் வேலையை முடித்துக் கூலி பெறும் கடப்பாடு உடையவர். மரம் உலரட்டும் என்று அவர் காத்திருப்பது எளிதன்று. அவர்க்கு வாய்ப்பரிதாகிய காத்திருப்பு விடுமுறை நாளில் மட்டும் வேலை செய்யும் மாணவர்க்கு இயல்பாகவே கிட்டுகின்றது. குறை என்று அவர் எண்ணியதே பெரும் வாய்ப்பாகும். அதனைப் பயன்படுத்தப் பொருட்செலவு ஏதும் இல்லை. ஒரு தராசும், ஒரு குறிப்பேடும், சிறிது பொறுமையும் போதும்.

அத்தி வரதர் மீண்டும் காட்சி தருவது 2059ஆம் ஆண்டில் என்பது வழக்கப்படியான கணக்கு. இன்று பள்ளியில் பயிலும் மாணவர் அன்று நடுவயதினராக இருப்பர். அத்திருநாளைக் காணக் காஞ்சிக்கு வரும் ஒருவரது இல்லத்தில், அவர் இளமையில் செய்த மரப்பெட்டி அன்றும் கோணாமல், மூடி சிக்காமல் பயன்பட்டுக்கொண்டிருத்தல் கூடும். அதற்கு இன்று அவர் செய்ய வேண்டுவது, பலகையை நிறுத்து, நாளைக் குறித்து, அடுத்த வாரம் வரை காத்திருப்பதே.